குழாய்க்குப் போர்த்திய ஆர்விட்

ஆர்விட் டோர்கெல்சனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தேவாலயக் கூடத்தைத்தான் கட்டிக்கொண்டான் என்று ஊரில் சொல்வோம். கூடத்தைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. அங்கே குளிருக்காக எரியும் அடுப்பின் சூடு ஒரு பொட்டுகூட வீணாகக் கூடாது அவனுக்கு.

போன குளிர்காலத்தில் கூடத்துப் பரணில் ஓடும் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் கொட்டியது. இன்னொரு தடவை வெடித்தால் வசந்தம் வரும்வரை கூடத்தைப் பூட்டிவிடுவதாகப் போதகரம்மா சொல்லிவிட்டார். குளிர்காலத்தில் ஆராதனையே அங்கேதான். இந்த ஞாயிறு என் பேத்தி சிக்ரிட்டுக்கு அங்கே ஞானஸ்நானம். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

வெள்ளிக்கிழமை, பேத்திக்காகத் தைத்துக் கூடத்து அலமாரியில் வைத்திருந்த போர்வையைக் காணோம் என்றாள் என் மனைவி சோல்வைக். ஏழைகளுக்கு அனுப்பத் தைத்தவையும் இல்லை. ஆர்விட்மேல் சந்தேகப்பட்டுப் பரணில் ஏறினேன். குழாய் நெடுகப் போர்வை. ஆர்விட் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"யோவ், எம் பேத்தி போர்வையவா குழாய்க்குக் கட்டுன?"

"உம் பேத்திக்கு ஊரே இருக்கு. இதுக்கு யாரு இருக்கா?"

போர்வைக்குள் கையை விட்டேன். குழாய் ஐஸாக இருந்தது. அதற்கும் கீழே, கூடத்துச் சூடு மேலே வந்துவிடாமல் பலகைமேல் கனமாகக் கண்ணாடிப் பஞ்சை அடைத்து வைத்திருந்தான்.

எனக்குப் பேத்தி ஞாபகம்தான் வந்தது. "எங்க சிக்ரிட்டும் இப்படித்தாம்ப்பா. எத்தன போத்துனாலும் காலு சில்லுனு இருக்கும். அவள அவ அம்மா மேல போட்டு, ரெண்டு பேருக்கும் சேத்துப் போத்துனாத்தான் சூடு புடிக்கும்."

ஆர்விட் பஞ்சைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான்.

"அப்ப இதுக்குக் கூடந்தான் அம்மாவா?"

பல் பிடுங்கக் கொடுப்பவன் முகத்தோடு, போர்வைகளை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, குழாய்க்கு அடியிலிருந்த பஞ்சை எடுத்துக் குழாய்க்கு மேலே கூடாரம் மாதிரி கவிழ்த்தான். காசு கொடுத்து ஏற்றிய சூட்டைச் சும்மா மேலே விடுகிறோமே என்று கடைசிவரை முனகல்தான்.

ஞாயிறன்று வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது ஆர்விட் மட்டும் உட்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போதகரம்மா நெற்றியில் தண்ணீர் விட்டதும் சிக்ரிட் வீறிட்டாள். குழாய்தான் போச்சு என்று ஆர்விட் எழுந்தே நின்றுவிட்டான். மேலே ஒரு சொட்டுகூட இல்லை.

காப்பி வேளையில் எங்களிடம் வந்து, பரண் தூசி வாசம் போகாத போர்வைக்குள் கையை விட்டுப் பேத்தியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"ம், உறையல," என்றான்.