பாதி வேளாங்கண்ணி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எட்வர்ட் என்று கேட்டால் வாட்ச்மேனே விழிப்பார். ‘பாதி வேளாங்கண்ணி’ என்றால் உருக்காலைக்கு நேராகக் கை காட்டுவார்.

அந்தப் பெயர் போன வருஷம் வந்தது. காவி கட்டி, சைக்கிள் மிதித்தே மாதா திருவிழாவுக்குப் போவது அங்கே வழக்கம். கம்பெனி ஆட்களோடு கிளம்பிய எட்வர்ட், விழுப்புரத்தில் முட்டி வலிக்கிறது என்று நைசாகப் பின்தங்கி, சைக்கிளோடு ரயிலேறிவிட்டான். ஏறியவன் சும்மா இருந்தானா? கோயில் வாசலில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டான். மற்றவர்கள் அப்போது கடலூரைக்கூடத் தொடவில்லை.

இந்த வருஷம் எந்தக் கோஷ்டியும் அவனைச் சேர்க்கவில்லை. தனியாகப் போய் முழுசாக மிதித்துக் காட்டி, அந்தப் பெயரை ஒழித்துக்கட்டுவது என்று கிளம்பினான். மனைவி மோனிகாகூட ரயில் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள்.

துணைக்கு ஹேண்டிலில் ஒரு குட்டி ரேடியோவைக் கட்டிக்கொண்டான். திண்டிவனம் தாண்டியதும் சென்னை ஸ்டேஷன்கள் கரகரத்துச் செத்தன. அதற்குப் பிறகு எந்த ஊர் ரேடியோ கிடைத்ததோ அதைக் கேட்டான். மீன் விலை, நெல்லுக்குப் பூச்சிமருந்து, யாரோ ஒரு அத்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து, எல்லாவற்றையும் கேட்டான். ஒரு சமையல் நிகழ்ச்சியோடு சண்டைகூடப் போட்டான்.

கடலூர் வந்ததும் அதே முட்டி, அதே வலி. தேங்காய் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று சிதம்பரம் போகக் கிளம்பி நின்றது. சிதம்பரம் வரைக்கும்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சைக்கிளை ஏற்றி, தானும் தேங்காய் மேல் உட்கார்ந்தான்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். உள்ளூர் ரேடியோவில் போன் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. போட்டான் ஒரு போன். உடனே லைன் கிடைத்துவிட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வேளாங்கண்ணிக்குத் தனியாகச் சைக்கிளில் போவதாகச் சொன்னான். அறிவிப்பாளப் பெண் அசந்துபோய், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

“நிக்கல மேடம். ஆலப்பாக்கம் தாண்டி மிதிச்சிக்கினே பேசறேன்” என்று மூச்சு வாங்கினான். மூச்சு வாங்குவதில் அவனை அடிக்க ஆளில்லை.

அந்தப் பெண் விடவில்லை. வழியில் இருக்கும் நேயர்கள் எல்லாம் எட்வர்ட் அண்ணனுக்குத் தண்ணீர், மோர் கொடுத்து அனுப்பச் சொல்லி அறிவித்தாள். கொஞ்ச நேரத்தில் சாலையோரம் சொம்போடு ஆட்கள் முளைத்தார்கள். அண்ணன் தார்ப்பாய்க்குள் தலையை இழுத்துக்கொண்டார். புதுச்சத்திரத்தில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வடக்கே எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றாள். வண்டி அவளைத் தாண்டிப் போனது.

சிதம்பரம் நெருங்கும்போது ரேடியோவில் ஒரு குரல் வந்தது.

“புதுச்சத்திரத்துலேந்து கன்னியம்மா பேசுறேன். எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சி, இன்னும் நடக்கல. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி குடுத்து உடணும். கஷ்டப்பட்டு மிதிச்சிப் போறவரு கையால ஏத்துனா நல்லதுன்னு நிக்கிறேன். அந்த அண்ணன் இன்னும் வரல. எவ்ளோ நேரமானாலும் நிப்பேன்.”

எட்வர்டுக்கு உடம்பு கூசிப்போனது. கம்பெனிக்காரர்கள் சிரித்தபோதுகூட அவனுக்கு இப்படி அவமானமாக இருந்ததில்லை. வண்டியின் முன்பக்கத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லி, சைக்கிளை இறக்கி, வந்த வழியே திருப்பினான்.

புதுச்சத்திரத்தில் அவள் இன்னும் அங்கேயே நின்றாள். எதிர்த்திசையிலிருந்து வந்தவனைச் சந்தேகமாகப் பார்த்து, நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்று மெழுகுவர்த்தியை வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினான். குழந்தையின் பாதத்தை ஒரு தரம் தொட்டான். பிறகு மறுபடியும் வடக்கே மிதிக்க ஆரம்பித்தான்.

“அண்ணே, வேளாங்கண்ணி அந்தப் பக்கம் இல்ல.”

“தெரியும்மா. கடலூர்ல ஒண்ணு உட்டுட்டு வந்துட்டேன்.”

கடலூரில் வண்டி ஏறிய இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, வழியெல்லாம் மோர் கொடுத்தார்கள். அத்தனையும் குடித்தான். அதற்கு வயிறு என்ன பதில் சொன்னது என்பது இங்கே வேண்டாம்.

கோயிலில் மெழுகுவர்த்தியை ஏற்றினான். படம் எடுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் கம்பெனி கேன்டீனில் நண்பன் லோகு, இந்த வருஷம் எந்த ரயில் என்று ஆரம்பித்தான். எட்வர்ட் தேங்காய் வண்டியிலிருந்து மோர் வரைக்கும் எதையும் மறைக்காமல் சொன்னான். லோகு சிரிக்காமல் கேட்டான். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அப்போ நீ ஒன்றரை வேளாங்கண்ணிடா.”

இப்போது வாட்ச்மேன் அந்தப் புதுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். எட்வர்டும் முதல் குரலுக்கே திரும்பிப் பார்க்கிறான்.