ஒன்பதாம் எண்ணின் ஈரல்

என் மருமகள் ஈரலைப் பற்றி எழுதிய கட்டுரைகளை அடுக்கினால் மொட்டை மாடியைத் தாண்டும். சரி, மாடி கொஞ்சம் அதிகம்தான். முக்காலி உயரம் வரும், அதுவும் தடி அட்டை போட்டால். மொத்தம் இருபத்து நான்கு. பேராசிரியர் பதவிக்கு இருபத்தைந்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். விட்டால் இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கொழுப்பு ஈரலைப் பற்றி அவள் எழுதிய வருடம் என் மகனுக்கு வீட்டில் பொரித்தது எதுவும் கிடையாது. காமாலைக் கட்டுரையின்போது தபால்காரர் கண்ணைக்கூட டார்ச் அடித்துப் பார்த்தாள்.

இருபத்தைந்தாவதற்கு வயதானவர்கள் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சாப்பிட்டால் ஈரலுக்குப் போகும் ரத்தம் கூடும்; பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று மணிக்கொரு தடவை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆள் போதாமல் என்னையும் என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே எல்லாருக்கும் எண்தான். யார் எந்த எண் என்பது நர்ஸ் பூட்டி வைத்த நோட்டில் இருக்கும். படத்தைப் பார்த்து அளக்கும் மருமகளுக்குத் தெரியக் கூடாதாம்.

பதினொரு பேருடைய ரத்த ஓட்டக் கோடு வரைபடத்தில் தரையோடு தரையாகப் போனது. ஒன்பதாம் எண்ணுடையது மட்டும் பதினொரு மணிக்கு மலைபோல ஏறியது. சாப்பாட்டை நினைத்தாலே வேலையைத் தொடங்கிவிடும் அதிசய ஈரல் என்று மருமகள் எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினாள்.

அந்த ஒன்பதாம் எண் என் வீட்டுக்காரர்.

வியாழக்கிழமை, ஸ்கேன் அறையைச் சுத்தம் செய்யும் அம்மா பூந்தொட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மூன்று வாழைப்பழத் தோல். சுற்றியிருந்தது என் மகன் கையெழுத்தில் எங்கள் வீட்டு மளிகைச் சீட்டு.

மருமகள் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அத்தை, மாமா, கோபப்பட மாட்டேன். நாளைக்கு இதை அனுப்பினா பதவி கிடைச்சுடும். ஆனா பொய்னு தெரிஞ்சா முன்னாடி எழுதின இருபத்து நாலையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. யார் சாப்பிட்டது?"

இவர் கூரையைப் பார்த்தார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம் என்று மருமகளுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன்.

எட்டுப் பக்கத்தையும் அவள் அழித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு பக்கம் எழுதினாள்: முதியவர்களைப் பட்டினி போட்டு அளப்பவர்கள் முதலில் அவர்களுடைய கைப்பையைச் சோதிக்க வேண்டும், ஆதாரம் மூன்று தோல். மாலைக்குள் மருத்துவப் பத்திரிகை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். அவரும் தன் ஆராய்ச்சியில் இப்படியொரு மலையை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக முழித்துக்கொண்டிருந்தாராம். இருபத்தைந்து ஆயிற்று, இப்போது வீட்டில் பேராசிரியர்.

இதுவரை எழுதியதை என் தோளுக்கு மேலாகப் படித்த வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எட்டு. ஒன்பது நீ. மூணு பழத்துல எனக்கு ஒண்ணாவது குடுத்தியா?"