பத்தரின் கல்லில் அம்மாவின் தோடு

எங்கள் வீட்டில் பொன்னுருக்கு என்று ஒன்று நடந்ததே இல்லை. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த எங்கள் ஆட்களுக்குத் தாலி என்பது கடையில் எடுப்பது. வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று முடிவான பிறகுதான் அந்த யாழ்ப்பாணத்து வழக்கம் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலுக்கு வந்தது. பெண்ணின் பெரியம்மா வந்து விளக்கினார். கலியாணத்துக்கு முதல் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பக்கத்தாரும் பார்த்திருக்க, நகை செய்யும் பத்தர் ஒரு தங்கக் காசை உருக்குவார். அந்தத் தங்கத்தில்தான் தாலி செய்வது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காசு மட்டும்தானா, வேற தங்கமும் சேத்துப் போடலாங்களா?" என்றார்.

"போடலாம்தானே. ஏன் கேக்கிறியள்?"

"எங்கிட்ட ஒரு சோடி தோடு இருக்குங்க. எங்க மாமனாரு எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்தது. அதுவும் ஒரு துளி சேந்தா நல்லாயிருக்கும்."

பெரியம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. "அது எவ்வளவு வடிவான விசயம்" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கையை அந்த வீட்டார் பிடித்தது அன்றுதான் முதல் தடவை.

அந்தத் தோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் சுமை விழுந்து அப்பாவின் கால் நசுங்கியபோதும், என் உயர்தர வகுப்புகளுக்குப் பணம் கட்ட வழியில்லாதபோதும் எங்கள் வீட்டிலிருந்து நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. ஒருமுறை தாலிக்கொடியே போய் வந்தது. தோடு மட்டும் போகவில்லை. ரோசாத் தாளில் சுற்றி, பால்மா டின்னுக்குள் கிடந்தது. கலியாணமான புதிதில் போட்டதோடு சரி; தேய்ந்துவிடும் என்று அதன் பிறகு அம்மா அதைப் போடுவதும் இல்லை. எங்கள் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அது தெரியும். என்ன நடந்தாலும் அடகுக்குப் போகாத தோடு.

பொன்னுருக்குக்கு முதல் நாள் அம்மா அதை என்னிடம் தந்தார். "நீதானே கடையில இதெல்லாம் பாக்குற. கழுவிக் குடுப்பா, பளிச்சுனு இருக்கட்டும்."

நான் வேலை செய்வது வெள்ளவத்தையில், காலி வீதியில், கவரிங் நகை விற்கும் கடை ஒன்றில். நகைகளைப் படம் பிடித்து இணையத்தில் போடுவதும் அவற்றுக்குக் கீழே விவரம் எழுதுவதும் என் வேலை. உள்ளே பித்தளையா, செம்பா, வெள்ளியா. மேலே தங்க முலாமா, ரோடியமா. மினுக்கமான பூச்சா, மங்கலான பூச்சா, பழசு போலக் கறுக்க வைத்ததா. முதலில் ஒன்றும் தெரியாமல் எழுதினேன். பிறகு வாசித்து, கேட்டு, உரசிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எதையாவது தெரிந்துகொண்டால் அது வெளியே தெரியவும் வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு.

முலாம் முதலில் விட்டுக்கொடுப்பது உரசுகிற இடங்களில். திருகாணி ஏறும் தண்டு, பூவின் விளிம்பு, காது மடலில் படும் பின்பக்கம். தங்கமாக இருந்தால் தேய்ந்த இடமும் தங்க நிறமாகவே இருக்கும். வெள்ளி கலந்திருந்தால் வெளிறும், செம்பு கூடியிருந்தால் கொஞ்சம் சிவக்கும். ஆனால் தோல் உரிந்த மாதிரி, ஓரம் கட்டி, கீழே வேறொன்று தெரியாது.

அம்மாவின் தோட்டில் தெரிந்தது. தண்டில் பூச்சு உரிந்து கீழே மங்கிய பித்தளை இருந்தது. திருகாணியின் இடுக்கில் பச்சையாகக் களிம்பு. விரலால் தேய்த்து மணந்து பார்த்தேன். பழைய சில்லறைக் காசின் வாசம்.

ஈரத்தைத் துடைத்துவிட்டு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இத உருக்க வேணாமே. நீங்களே வச்சுக்கங்களேன்."

"ஏம்ப்பா?"

"பழசு. ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகனுக்குத் தன் மேல் பாசம் என்று நினைத்துவிட்டார். "ஞாபகம் ஒம் பொஞ்சாதி கழுத்துல இருக்கட்டும்பா. அதுக்கு மேல என்னா?" என்றார். நான் தோட்டை மறுபடி ரோசாத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் வெள்ளவத்தையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வழக்கப்படி பெண் வரவில்லை. எங்கள் முன்னறையில் கும்பம் வைத்து, விளக்கேற்றி, நடுவில் பத்தர் உட்கார்ந்திருந்தார். செட்டியார் தெருவில் பட்டறை வைத்திருப்பவர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். காசும் தோடும் ஒரே தட்டில் இருந்தன. பெரியம்மா பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தோட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தர் தோட்டை எடுத்து, பழக்கத்தில் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். அதன் மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டார். கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தோட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அம்மா, காசே போதும். இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

"இல்லய்யா, போடுங்க. மனசாரத்தான் குடுக்குறேன்."

"அதுக்கில்லம்மா…"

"கூச்சப்படாமப் போடுங்கய்யா."

பத்தர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கும்பத்தில் செருகியிருந்த மாவிலையைப் பார்த்தேன்.

"இதப் போட்டா தாலித் தங்கம் கெட்டுப் போகுமுங்க. இது முலாம்."

"மாத்துக் குறைவா இருக்கும்," என்றார் அப்பா. "எங்கப்பா ஹட்டன்ல எடுத்தது."

"மாத்துப் பேச்சே இல்லீங்க ஐயா. உள்ளுக்குப் பித்தளை."

அம்மாதான் முதலில் சிரித்தார். அப்பாவின் பக்கம் திரும்பி, "ஒங்கப்பா என்னைய நல்லா ஏமாத்திப்புட்டாரு பாத்தீங்களா!" என்றார்.

"கடைக்காரன் ஏமாத்துனா அவரு என்னாடி செய்வாரு?"

"அவரு செய்யலன்னா நீங்களாவது ஒருநா கொண்டுபோயி அடகு வச்சிருக்கணும். அப்பவே தெரிஞ்சிருக்கும்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அறை இளகியது. அம்மா அதைக் கடந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது பெரியம்மா, குத்தலாக இல்லை, விளையாட்டாகத்தான், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன தம்பி, நீங்கள் இந்தச் சாமான்களோடயே நிக்கிறனீங்கள். கண்டவுடன உங்களுக்குத் தெரியேல்லையோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானும் ஏமாந்தேன் என்று சொல்லி, அம்மாவோடும் அப்பாவோடும் ஹட்டன் கடையில் நின்ற தாத்தாவோடும் சேர்ந்து நின்றிருக்கலாம். ஒரு சொல் போதும். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த பிள்ளை, அதுவும் இதே தொழிலில் இருக்கிறவன், பித்தளைக்கும் பொன்னுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அந்த வீட்டார் நினைத்துவிடுவார்களே என்ற ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

"தெரியும் அன்ரி," என்றேன். "நேற்றே தெரியும். தண்டில முலாம் போயிருந்தது."

பெரியம்மா "ஓ" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். தோடு பித்தளை என்று கேட்டபோது மாறாத முகம் அப்போது மாறியது. முந்தின நாள் தன் கண் எதற்குக் கலங்கியது என்று அந்தக் கணத்தில் அவர் புதிதாகக் கணக்குப் போட்டிருப்பார். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று நான் சொன்னது பாசம் இல்லை என்று நினைத்திருப்பார். பாசமும் இருந்தது. அதை இனி எப்படிச் சொல்வது?

"படிச்ச புள்ள," என்று அம்மா விருந்தினரிடம் சொன்னார். "எங்கள மாதிரி சட்டுனு வாய் வராது." மறுபடி சிரித்தார்கள். பத்தர் காசை மட்டும் உருக்கினார். மணியாகத் திரண்ட தங்கம் வெற்றிலையில் வைத்து எல்லார் கையாலும் தொட்டுக் கும்பிடச் சுற்றி வந்தது. என் கைக்கு வந்தபோது இன்னும் சூடு ஆறவில்லை.

வேன் போன பிறகு அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன்.

"இது கறுக்குமாப்பா?"

"முலாம் போற எடத்துல கறுக்கும். வேர்வை பட்டாச் சீக்கிரமா."

"காது புண்ணாகுமா?"

"சில பேருக்கு ஆகும்."

டொக்டர் சொல்வதைக் கேட்பது போலக் கவனமாகக் கேட்டார். நான் மறுபடி முலாம் ஏற்றலாம் என்றும், அதற்கு முதல் பழசை உரித்தெடுக்க வேண்டும் என்றும் விளக்கிக்கொண்டே போனேன். கடையின் இணையப் பக்கத்தில் எழுதுகிற அதே வார்த்தைகள். நிறுத்தத் தெரியவில்லை.

"அப்ப தேயுமேன்னு இனிப் பயப்பட வேண்டியதில்ல," என்றார் அம்மா.

கலியாணத்தன்று காலையில் அவர் அதைப் போட்டிருந்தார். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டிருந்தபோது முன்னால் வந்து நின்று முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"நாலு பேரு பாத்தாத் தெரியுமாப்பா?"

"தெரியாதும்மா," என்றேன்.

அம்மா என் சால்வையின் மடிப்பை நீவிவிட்டார். "இந்த வார்த்தைய அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல," என்றார், கோபமே இல்லாமல். பிறகு, வேன்காரர் ஹோன் அடிக்கிறார் என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.