நிம்பவ்வா தின்ற முதல் ரொட்டி

கண்ணாடிக் குழாயை ஒரே இடத்தில் நிறுத்திக் காய்ச்சினால் விரிசல் விட்டுவிடும். மூன்று குழாய்களைப் பலி கொடுத்த பிறகு நிம்பவ்வாவுக்கு வந்த ஞானம் இது. இப்போது கொல்லைப்புறத்தில், ஸ்பிரிட் விளக்கின் மேல் அதை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறாள். உள்ளே இருப்பது எட்டு வயது மகள் சஹனாவின் காலைச் சிறுநீர். மேல்பகுதி கொதித்ததும் இரண்டு சொட்டு வினிகர். தெளிவாகவே இருந்தால் நல்ல நாள். திரிந்த பால்போல் வெளுத்தால் சிறுநீரகம் சத்தை ஒழுகவிடுகிறது என்று அர்த்தம். பார்த்ததை நோட்டில் குறித்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கையைக் கழுவிய பிறகுதான் மாவைத் தொடுவாள்.

கர்நாடகத்தின் கதக் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கடைக்குச் சோளரொட்டி தட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. ஒருமுறை, மாத்திரையால் சஹனாவின் முகம் உப்பிப் போயிருந்தபோது, "நிம்பக்கா, பாதி ரொட்டிய உன் மகளே முழுங்கிடறா போலிருக்கே" என்றார் கடைக்காரர். வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்று அவள் தட்டிய ரொட்டியெல்லாம் கிழிந்தது.

நோயைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "வீட்டுக் காவக்காரனுக்கே கிறுக்குப் புடிச்சு வீட்டு ஆள அடிக்கிறான். மாத்திர குடுத்து அவன அடக்கி வச்சிருக்கோம். அவன் அடங்கிக் கெடக்கிறப்போ திருடன் பூந்துடக் கூடாதில்ல? அதான் புள்ளயத் தேருக்கும் சந்தைக்கும் கூட்டிட்டுப் போறதில்ல." உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி டாக்டர் அரைமணி நேரம் சொன்னதன் சாரம் இதுதான்.

மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு தரவேண்டும் என்றும் அதே டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷம், சிவனுக்குரிய சிராவண மாதத்துத் திங்கட்கிழமைகளில் தாயோடு சேர்ந்து தானும் விளக்கு வைக்கும்வரை விரதம் இருப்பேன் என்று சஹனா அடம்பிடித்தாள். தன் உடம்புக்காகத்தானே கேட்கிறாள் என்று நிம்பவ்வா உருகிப்போனாள். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, இரவிலும் கொடுக்கக் கூடாது. ஆகவே அந்த நாட்களில் மாத்திரையையே விட்டுவிட்டாள். நான்காவது திங்களுக்குப் பிறகு குழாய் வெளுத்தது. குழந்தைக்குக் கண்ணிமையும் காலும் வீங்கின.

டாக்டர் திட்டவில்லை. சளி பிடித்தாலே இந்த நோய் திரும்பும், இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அவள் நம்பவில்லை. "நல்லாகணும்னு கும்பிட்டேன். கும்பிட்டே கெடுத்துட்டேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள். இன்னும் வீரியமான மாத்திரை ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. இதற்கும் அடங்காவிட்டால் சிறுநீரகமே வீணாகிவிடலாம் என்றார்கள். அதிலிருந்து குழாய் இரண்டு வாரம் தெளியும், மூன்றாம் வாரம் மங்கும்.

இந்த வருஷத்துச் சிராவணத்தின் முதல் திங்களன்றும் மங்கலாகத்தான் இருந்தது. தட்டில் ரொட்டியும் பருப்பும் வைத்து, பக்கத்தில் இரண்டு மாத்திரைகளையும் வைத்தாள். சஹனா தட்டைத் தொடவில்லை.

"நீ சாப்பிடல. நீ மட்டும் சிவன்கிட்ட நல்ல பேரு வாங்கிக்கலாம்னு பாக்கறியா அவ்வா?" அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பாவாடை கட்டிய வயதிலிருந்து சிராவணத் திங்களில் விளக்கு வைக்குமுன் ஒரு பருக்கை தொடாதவள் நிம்பவ்வா. கல்லிலிருந்து சூடாக ஒரு ரொட்டியை எடுத்தாள். கழுத்தில் தொங்கிய சிறு சிவலிங்கத்தை ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையை இழுத்து மூடினாள். பிறகு மகளுக்கு நேரே உட்கார்ந்து, பெரிய துண்டாகப் பிட்டு வாயில் போட்டு, அவள் பார்க்கும்படி மென்றாள்.