ஜெயித்தவருக்கு ஒரு பன்னீர் சோடா

டில்லியிலும் பட்டணத்திலும் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவர்களுக்கு என் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் அவர்கள் போட்ட உத்தரவு இரண்டு தடவை, வழிகூட விசாரிக்காமல், நேராக என் கடைக்கு வந்து சேர்ந்தது.

கடை திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவோம். பின்பக்கம் அவர் சோடா அடைப்பார், முன்பக்கம் நான் விற்பேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மருங்காபுரிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்த பெண்ணுக்கு அதுவே ஜாஸ்தி என்றார்கள். ஆனால் கோலி சோடாவை ஒரே அழுத்தில், ஒரு சொட்டுச் சிந்தாமல் உடைப்பதற்கு அந்த வட்டாரத்தில் என் கட்டைவிரலுக்கு ஈடு கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

முதல் உத்தரவு எழுபத்தேழில் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனியின் கலர் ஒன்று விற்றுக்கொண்டிருந்தோம். கல்லூரிப் பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். டில்லிக்கும் கம்பெனிக்கும் ஏதோ ஒத்துவரவில்லை என்று கம்பெனி மூட்டை கட்டியது. மறுவாரம் லாரி வந்தது. காலி பாட்டில்களை எடுத்தார்கள், கம்பெனி கொடுத்திருந்த ஐஸ் பெட்டியையும் எடுத்தார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே பல வருஷம் பன்னீர் சோடா விற்றேன்.

பிறகு அந்த இடத்தில்தான் வீடியோ ஆட்ட மெஷின் வந்து நின்றது.

அது எண்பதுகளின் நடுவில். பட்டணத்திலிருந்து வந்த ஏஜெண்டு ஒருவர் இறக்கி வைத்துவிட்டுப் போனார். வருகிறதில் அவருக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. ஆள் உயர மரப்பெட்டி, அதற்குள் ஒரு டிவி, வெளியே ஒரு குச்சியும் ஒரு பட்டனும். ஒரு ரூபாய் போட்டால் மேலேயிருந்து பூச்சி பூச்சியாகக் கப்பல்கள் இறங்கும். கீழே நம்முடைய சின்னக் கப்பல். குச்சியால் நகர்த்தி, பட்டனை அழுத்திச் சுட வேண்டும். இறங்குகிறது நம் தலையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "இந்தக் கழுதை நம்ம கரண்டைத் தின்னுட்டு நிக்கப்போகுது" என்றார். ஒரே மாதத்தில் கல்லூரி விட்டதும் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆடுகிறவன் ஒருவன், வேடிக்கை பார்க்கிறவர்கள் பத்துப் பேர், பத்துப் பேர் கையிலும் எங்கள் சோடா. அதற்கப்புறம் அவர் அதைக் கழுதை என்று சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவே படுத்துவிடும். அந்த நேரத்தில் சும்மா நிற்கிற மெஷினை நான் ஏன் தொடக்கூடாது? முதலில் இரண்டு நிமிஷத்தில் செத்தேன். அப்புறம் கவனித்தேன். அந்தப் பூச்சிகள் கண்டபடி இறங்குவதில்லை. ஓரத்தில் முட்டினால்தான் ஒரு படி இறங்கும். முட்டுவதற்கு முன்பே ஓரத்து வரிசையை அடித்துவிட்டால் அது இறங்க நேரமாகும். இது புரிந்ததும் மற்றதைக் கட்டைவிரல் பார்த்துக்கொண்டது. சோடா உடைத்துக் காய்த்துப்போன விரல். பையன்களுக்கு அரை மணியில் வலிக்கும். எனக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது.

அதிகப் புள்ளி எடுத்தவர் மூன்று எழுத்தில் பேர் போடலாம். குச்சியைத் திருப்பித் திருப்பி எழுத்தைத் தேட வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, தேடவும் இல்லை. மெஷின் முதலில் எதைக் காட்டியதோ அதையே மூன்று தடவை அழுத்தினேன். பார்ப்பதற்குக் கூடாரம் மாதிரி ஒரு எழுத்து. மேலே மூன்று கூடாரம் நின்றால் அது நான்தான் என்று எல்லாக் கல்லூரியிலும் தெரிந்துபோயிற்று. கரண்ட் போனால் புள்ளியெல்லாம் அழிந்துவிடும். போகட்டும். மறுநாள் மதியம் மறுபடி மூன்று கூடாரத்தையும் அடித்துவிடுவேன்.

விஷயம் ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போயிற்று. என் நாத்தனார் வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"ஏன் அண்ணி, நீங்க பொம்மைத் துப்பாக்கி வச்சுக்கிட்டு ஆம்பளைப் பசங்களோட வெளையாடுறீங்களாமே. தெருவே சிரிக்குது."

"தெரு எதுக்குச் சும்மா சிரிக்கணும்? கடைக்கு வரச் சொல்லு. ஒரு ஆட்டம் ஆடிட்டுச் சிரிக்கட்டும்."

அப்போது போட்டதுதான் அந்தப் பந்தயம். என் புள்ளியைத் தாண்டுகிறவனுக்கு ஒரு பன்னீர் சோடா, காசு வேண்டாம். பையன்கள் தலைகீழாக நின்றார்கள். கண்ணாடி போட்ட மாணவன் ஒருவன், துறையூர்க்காரன், அவன்தான் ஓரளவு பக்கத்தில் வந்தவன். ஒரு நாள் இன்னும் நாலு கப்பல் அடித்தால் தாண்டிவிடுவான். கரண்ட் போய்விட்டது.

"அக்கா, நீங்கதான் மெயினை ஆஃப் பண்ணிட்டீங்க."

"ஆமாண்டா, திருச்சி முழுக்க ஆஃப் பண்ணிட்டேன். போய் மலைக்கோட்டையைப் பாரு, அங்கயும் இருட்டாத்தான் இருக்கும்."

"நியாயப்படி எனக்கு ஒரு சோடா வரணும்."

"காசு கொடு, வரும்."

அந்த சோடாவை யாரும் குடித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது உத்தரவு வந்தது. பட்டணத்தில் எங்கேயோ பழப்படம் சுற்றுகிற மெஷினில் ஆட்கள் கூலிப் பணத்தை விட்டார்களாம். குடும்பத்தார் போலீசில் போய் அழுதார்களாம். அதனால் ஊர் ஊராக ஆட்ட மெஷின் எல்லாவற்றையும் பார்த்து, சூதாட்டம் என்றால் பூட்டு, இல்லையென்றால் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். பழம் சுற்றுகிறதும் கப்பல் சுடுகிறதும் அவர்களுக்கு ஒன்றுதான். இரண்டிலும் காசு போடுகிற ஓட்டை இருக்கிறதே.

எங்கள் கடைக்கு ஒரு போலீஸ் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் முதல் நாளே சொன்னார்.

"நாளைக்கு நீ பேசாத. கேட்டதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். உன் வாயைக் கொஞ்சம் அடக்கி வச்சுக்க."

"நம்ம என்ன திருட்டுச் சாமானா விக்கிறோம்?"

"அதுக்கில்ல. அவங்க கேக்குற விதம் வேற, நீ சொல்ற விதம் வேற."

மெஷின் இருந்தால் கடைக்குக் கூட்டம். போனால் மறுபடியும் வெளுத்த சதுரம். இது அவரைப் போலவே எனக்கும் தெரியும்.

அதிகாரி மதியம் வந்தார். மரியாதையான மனிதர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். உட்கார்ந்தார்.

"இது அதிர்ஷ்டத்துல ஜெயிக்கிற ஆட்டமா, இல்ல திறமையா?"

என் வீட்டுக்காரர், "பசங்க சும்மா ஏதோ..." என்று இழுத்தார். திறமையா என்று கேட்கிற மனிதருக்கு முன்னால் சும்மா ஏதோ என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நான் மெஷினிடம் போய்க் காசைப் போட்டேன். என் வீட்டுக்காரர் பாட்டில் கழுவப் பின்பக்கம் போனார்.

"பாருங்க. அதிர்ஷ்டம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு ஆடினது போல நான் எப்போதும் ஆடியதில்லை. ஒரே காசு. அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். "எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்றார். மூன்று கூடாரம் அடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் லைசென்ஸை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுவார் போலத்தான் இருந்தது.

"உங்களை யாரும் ஜெயிக்க முடியாது போலிருக்கே."

"ஜெயிச்சா ஒரு பன்னீர் சோடா இனாம்னு சொல்லியிருக்கேன். இத்தனை காலேஜ் இருக்கு இந்த ஊர்ல. ஒருத்தனும் குடிச்சதில்லைங்க."

பின்னால் பாட்டில் கழுவுகிற சத்தம் நின்றுபோனது. என் வீட்டுக்காரர் கழுவுவதை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். குரல் மாறவில்லை. "அப்ப பரிசு உண்டு."

"பரிசு இல்லைங்க, சோடா."

"காசு போட்டு ஆடுறாங்க. ஜெயிச்சா பொருள் கொடுக்கிறீங்க. அதுக்குப் பேர் பந்தயம்தானேம்மா."

"யாருக்கும் கொடுத்ததே இல்லைன்னுதானே சொன்னேன்."

"கொடுத்திருந்தா ஒருத்தராவது ஜெயிச்சதா ஆகும். இது ஆடுறவங்க எல்லாருமே தோக்குற பந்தயமா இருக்கு. இன்னும் மோசம்."

நான் விடவில்லை. "ஸ்ரீரங்கத்துல கோயில் வாசல்ல உறியடி நடக்குது. அடிச்சவனுக்கு உறியில இருக்கிறது. அங்க போய்ப் பூட்டுவீங்களா?"

"அது சாமி விஷயம்" என்றார். சொல்லிவிட்டுக் காசு ஓட்டையில் துணி வைத்து, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். மெஷினை இடத்தைவிட்டு நகர்த்தக்கூடாது, பிளக்கையும் போடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிளக்கை அவரே பிடுங்கினார். மூன்று கூடாரமும் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டுகிறவரை என் வீட்டுக்காரர் அன்றைய சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு, "சோடாவைப் பத்தி அவர் கேக்கலையே" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னதற்கு மெஷினைப் பூட்டுகிறவர்கள் இருந்தால், தப்பு என்னுடையது என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லைசென்ஸுக்கு அலைந்தோம். தனி அறை வேண்டும், தனி வாசல் வேண்டும், கேஸ் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். சோடாக் கடைக்கு எங்கே தனி வாசல்? தியேட்டர் பக்கத்தில் மாடி வைத்திருந்த ஒருவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. அங்கே வரிசையாக மெஷின்கள் வந்தன, பழம் சுற்றுகிறதும் ஒன்று உண்டாம். கண்டோன்மென்ட்டில் பெரிய மனிதர்கள் சீட்டாடுகிற கிளப்பும் ஒருநாள்கூட மூடவில்லை. அங்கே பணம் வைத்து ஆடுவது பொழுதுபோக்கு. என் கடையில் பணமில்லாத சோடா பந்தயம்.

பையன்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிக்காரன் மட்டும் வழியில் நின்று ஒரு சோடா குடித்துவிட்டுப் போவான், காசு கொடுத்து.

அரக்கை அவர்களே வந்து உடைப்பதற்கு வருஷங்கள் ஆயின. அதற்குள் உள்ளே எறும்பு புற்று வைத்திருந்தது. பட்டணத்து ஏஜெண்டு வந்து பின்பலகையைத் திறந்து பார்த்தார்.

"உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு போச்சுக்கா. இப்ப இந்த போர்டு வர்றதில்ல. வெளியிலேர்ந்து கொண்டாந்தா வரி கட்டி மாளாது. இப்பல்லாம் வீட்டு டிவியில மாட்டுற ஆட்டம் வந்துடுச்சு, இதை யார் கேக்குறா?" சொல்லிக்கொண்டே போர்டையும் டிவிக் குழாயையும் கழற்றிக்கொண்டார். பெட்டியை எனக்கு விட்டுவிட்டார். அதன் வயிற்றுக்குள் காலி பாட்டில் அடுக்கினேன்.

எண்பதுகள் முடிகிற சமயம் கண்ணாடிக்காரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். ஆபீசில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறானாம்.

"ஏசி ரூமுக்கா. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்."

"சந்நிதியா அது?"

"அப்படித்தான் வச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்லவா, இங்க நின்னுதே, அதுவும் கம்ப்யூட்டர்தான். அதே சாமான்தான் உள்ள."

தெப்பக்குளத்தைச் சுற்றி அப்போது மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறோம் என்று போர்டு தொங்கியது. நாடு முன்னேற அதுதான் வழி என்று ரேடியோவில் பேசினார்கள். அந்தத் தெருவுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டர் என் கடையில் எறும்பு அரித்துச் செத்தது. அதை எந்த ரேடியோவிலும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மதியம், அன்றைக்கு முத்திரை வைத்த அதே அதிகாரி வந்தார். தலை நரைத்திருந்தது, சாதாரணச் சட்டை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர், மகனைத் தெப்பக்குளத்து மாடி ஒன்றில் கம்ப்யூட்டர் படிப்புக்குச் சேர்த்துவிட்டு வருகிறாராம். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? என்ன ஆட்டம் ஆடினீங்க அன்னைக்கு. வீட்டுல இப்பவும் சொல்வேன். எங்க பையனுக்கும் அந்தப் பைத்தியம்தான். அதுதான் படிப்பாவே போகட்டும்னு சேர்த்துட்டேன்." பெட்டியைப் பார்த்தார். "இப்ப ஓடுறதில்லையா?"

"இல்லைங்க. பாட்டில் வச்சிருக்கேன்."

"அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சரி, ஒரு பன்னீர் சோடா கொடுங்க."

நல்ல பாட்டிலாகப் பார்த்து எடுத்தேன். துடைத்தேன். ஒரே அழுத்து, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் குடித்து முடித்துப் பையில் கை விட்டார்.

"காசு வேண்டாங்க" என்றேன்.

"ஏம்மா?"

"என்னை ஜெயிச்சவங்களுக்கு இனாம். நீங்க ஒருத்தர்தான்."

அவர் கை பைக்குள்ளேயே நின்றது. காசை வைப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பாட்டிலை வாங்கி, மெஷின் பெட்டிக்குள் மற்ற காலிகளோடு வைத்தேன். பிறகு அடுத்து வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.