அவளுக்கு முன்னால் போயிருந்த குரல்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. நான்காம் மேடைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மின்விசிறி, ஒரு மைக், கண்ணாடிக்கு அடியில் செருகிய கால அட்டவணை. இருபத்து நான்கு வருடங்களாக அங்கே உட்கார்ந்து ஊரையே ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தாள். நாற்பது ஊர்களின் பெயர் அவளுக்கு மனப்பாடம். ஒன்றில்கூட அவள் கால் பட்டதில்லை.

கணவர் அதே நிலையத்தின் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தார். அவர் போய் ஆறு வருடம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. அவருடைய தங்கை அவளோடுதான் இருந்தாள். ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் கூப்பிடுவதுபோல அவளும் நாத்தனாரை நர்சம்மா என்றே கூப்பிடுவாள்.

"அண்ணி, ஏரி இருக்கிற அந்த ஊருக்கு ஒரு நாளைக்குப் பதினோரு பஸ் அனுப்பறீங்க. ஒரு பஸ்ல நாமளும் ஏறி உக்காந்தா என்ன, டயர் வெடிச்சிடுமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சம்மா ஆரம்பித்தாள்.

அதுவரை மைக்கம்மா சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு எடுத்ததில்லை. ஆனால் அன்று என்னவோ சரி என்று சொல்லிவிட்டாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டார்கள். செவ்வாய் மதியம் போய்ச் சேருவது. நகரத்திலேயே மூன்று இரவு. புதன்கிழமை மலைக்குப் போய் காவல் கோபுரம் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவது. வியாழன் ஏரி. வெள்ளி காலை ஊருக்கு. நர்சம்மா மருந்துப் பையைத் தயார் செய்தாள்.

"நாலு நாளுக்கு நாப்பது மாத்திரையா? நாம சுத்திப் பாக்கப் போறோமா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறோமா?"

"வயித்து வலி சொல்லிட்டா வரும்?"

அறை பதிவு செய்ய மைக்கம்மாவே தொலைபேசியில் பேசினாள். "ரெண்டு பேருக்கு ரூம் வேணும். ஜன்னல் இருக்கணும்" என்றாள். மறுமுனையில் பேச்சே இல்லை.

"ஹலோ?"

"சொல்லுங்க மேடம்," லாட்ஜ்காரரின் குரல் தணிந்திருந்தது. "ஸ்டேஷன்லேர்ந்து பேசறீங்களா? எங்க லாட்ஜ்மேல ஏதாவது புகாரா?"

"எந்த ஸ்டேஷன்?"

"பஸ் ஸ்டேஷன்... இல்ல, ஒண்ணுமில்ல மேடம். ரூம் போட்டுடறேன்."

அவளுக்கு விளங்கவில்லை. அடுத்து அந்த ஊர்ப் பேருந்து நிலைய விசாரணை எண்ணுக்குப் பேசினாள். "மலைக்குக் காலையில ஏழு பத்துக்கு ஒரு பஸ் இருக்காமே, புதன்கிழமை ஓடுமா?"

எடுத்த பெண் சிரித்தாள். "என்னங்க நீங்க, புதன்கிழமை கிடையாதுன்னு காலையிலேர்ந்து நீங்கதானே சொல்லிட்டு இருக்கீங்க? வேலை நேரத்துல விளையாடாதீங்கக்கா." தொடர்பு அறுந்தது.

மைக்கம்மா கையில் ஃபோனோடு நின்றாள். காலையிலிருந்து அவள் கண்ணாடி அறையில்தான் இருந்தாள். அந்த ஊருக்கும் அதற்கும் ஐந்து மணி நேரப் பயணம்.

"ஒரே மாதிரி முகம் ஏழு பேருக்கு இருக்குமாம். முகத்துக்கே ஏழுன்னா, குரலுக்கு எழுபது இருக்காதா?" என்று நர்சம்மா அதைத் தள்ளிவிட்டாள். என்றாலும் காலண்டர் தாளில் மலையை வியாழனுக்கும் ஏரியைப் புதனுக்கும் மாற்றி எழுதினார்கள். யார் சொன்னதோ, தகவல் சரியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த நகரத்தில் இறங்கினார்கள். பெரிய நிலையம், எட்டு மேடைகள், கூரை முழுக்கப் புறாக்கள். மைக்கம்மா பையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. ஏரிக்கரை செல்லும் பேருந்து இரண்டாம் மேடையில் தயாராக உள்ளது."

நர்சம்மா சட்டென்று திரும்பி அண்ணியின் வாயைப் பார்த்தாள். வாயில் பாட்டில் இருந்தது.

'கவனத்திற்கு' என்பதை இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகு ஊர்ப்பெயரை அழுத்துகிற அந்த வழக்கம் அவளுடையது. மூச்சு வாங்குகிற இடமும் அவளுடையதுதான். ஆனால் 'ஏரிக்கரை' என்ற சொல்லை அவள் அந்த மைக்கில் ஒரு நாளும் சொன்னதில்லை.

நேரக் காப்பாளர் அறைக்குப் போனார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். "இங்க அறிவிப்பு பண்றது யாருங்க?" என்று மைக்கம்மா கேட்டாள். மனிதர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க... நீங்கதானா அது?" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒரு அம்மாவோட குரலை வெச்சு செஞ்சதுன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. அந்த அம்மா உயிரோட இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஆறு வருடங்களுக்கு முன்பு இரண்டு பேர் கருவிகளோடு கண்ணாடி அறைக்கு வந்தார்கள். மூன்று நாள் தாள் தாளாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எண்கள், ஊர்கள், தலையும் வாலும் இல்லாத வாக்கியங்கள். 'நீங்க லீவு போட்டா நிலையத்துக்கு உதவும்' என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவள் விடுப்பே எடுக்காததால் அது அங்கே பயன்படவில்லை. இன்றைக்குத்தான் அதை முதல்முறையாக ஓடவிட்டுவிட்டு வந்திருக்கிறாள். அது தன் நிலையத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இங்கேயோ அது நாலு வருடமாகப் பேசிக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார்.

"எதை அடிச்சாலும் பேசும்மா. பாருங்க," என்று அவர் விசையைத் தட்டினார். சேமித்து வைத்திருந்த பட்டியலில் கை தவறி வேறொரு வரியில் பட்டது.

"சாப்பிட்டியா ராசா? மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோ."

அவர் காது வரை சிவந்துபோனார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. வீட்ல யாரும் இல்ல. காலையில அஞ்சு மணிக்கு வந்துடுவேன், பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது. அதான் உள்ளுக்குள்ள மட்டும் கேக்கற மாதிரி..."

அப்படி ஒரு வாக்கியத்தை மைக்கம்மா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அவளுக்குப் பிள்ளையும் இல்லை. தன் துணிமணியை உடுத்திக்கொண்டு முன்பின் தெரியாத ஒருத்தி தெருவில் போவதைப் பார்த்ததுபோல அவளுக்கு உடம்பு கூசியது. அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஏரி. படகுத்துறையில் "எத்தனை மணிக்குப் படகு?" என்று அவள் கேட்டதும் முன்னால் நின்ற ஐந்தாறு பேர் தலையைத் தூக்கிக் கம்பங்களைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கி இல்லை என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீப்பு விற்றுக்கொண்டிருந்த பார்வையற்ற ஒருவர் மட்டும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னிக்கு நேர்லயே வந்துட்டீங்களா?" என்றார், ரொம்ப நாள் பழகியவர் போல. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வேண்டியதைக் கையால் காட்டினாள். நர்சம்மா கேட்டு வாங்கினாள்.

லாட்ஜ் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தினாலும் அந்தக் குரல் உள்ளே வந்தது. நர்சம்மா கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா? பதினாறுன்னு சொல்றப்ப மட்டும் குரல் வேற மாதிரி இருக்கு. பதினேழும்தான். உங்களுக்கு அப்போ ஜலதோஷமா?"

மைக்கம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இல்ல. ரெண்டாம் நாள் பதினஞ்சு வரைக்கும் படிச்சிட்டு டீக்கு விட்டாங்க. கீழே வொர்க்‌ஷாப்ல உங்க அண்ணனோட லாக்கரை வேற ஒருத்தருக்குக் கொடுக்கறதுக்காக உடைச்சிட்டு இருந்தாங்க. பாத்துட்டேன். பாத்ரூம்ல போய் அழுதிட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து பதினாறுலேர்ந்து படிச்சேன்."

வெளியே குரல் பதினாறாம் எண் பேருந்து புறப்படுவதாகச் சொன்னது. நர்சம்மா எழுந்து விளக்கைப் போட்டாள்.

வியாழக்கிழமை ஏழு பத்துக்கு மலைப் பேருந்தில் ஏறினார்கள். மேலே ஒரு திறந்தவெளித் திடல்தான் நிலையம். நான்கு மேடைகள். போன வார மழையில் மூன்றாம் மேடையை ஒட்டிய தடுப்புச் சுவர் இடிந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கயிறு. "அந்தப் பக்கம் போயிடாதீங்க. திரும்பறப்ப ஒண்ணாம் மேடையில ஏறிக்குங்க" என்று நடத்துநர் இறங்கும்போதே காட்டியிருந்தார்.

கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திடலுக்கு வரும்போது மணி மூன்று. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. சுற்றிலும் முப்பது, முப்பத்தைந்து பேர் இருப்பது பேச்சுச் சத்தத்தில் மட்டும் தெரிந்தது. அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. கீழே நகரத்திலிருந்து கடிகாரப்படி தானாக ஓடுகிற அறிவிப்பு. மாற்ற மறந்துவிட்டார்கள்.

"பயணிகள் கவனத்திற்கு. நகரம் செல்லும் பேருந்து மூன்றாம் மேடையில் தயாராக உள்ளது. பயணிகள் மூன்றாம் மேடைக்கு வரவும்."

பனிக்குள் செருப்புச் சத்தங்கள் ஒரே திசையில் நகர ஆரம்பித்தன. ஏதோ ஒரு கல் உருண்டு போயிற்று. அது விழுந்த சத்தம் வரவில்லை.

மைக்கம்மா தன்னை அறியாமல் குரல் எடுத்தாள். "பயணிகள் கவனத்திற்கு. மூன்றாம் மேடைக்குச் செல்ல வேண்டாம்."

யாரோ சிரித்தார்கள். "மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு." செருப்புச் சத்தம் நிற்கவில்லை. மேலே அதே குரல், நிதானமாக, மூன்றாம் மேடைக்கு வரச் சொன்னது.

நர்சம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி, அப்படிப் பேசாதீங்க! அதுவும் அப்படித்தான் பேசுது! திட்டுங்க! வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டுங்க!"

இருபத்து நான்கு வருடம் மரியாதையாகப் பேசிப் பழகிய வாய். ஒரு நொடி வரவில்லை. பிறகு வந்தது.

"அடேய், நில்லுங்கடா! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? அங்க சுவரே இல்ல, பள்ளம்! குழி தோண்டுற வேலைகூட வைக்காம விழுந்து சாகப் போறீங்களா? யோவ் பச்சைக் குடை! காலையில பஸ்ல என் காலை மிதிச்சீங்களே, உங்களைத்தான்! ஒரு அடி வெச்சீங்க, நானே வந்து அறைவேன்! இந்தப் பக்கம் வாங்க, என் சத்தத்தைப் பாத்து வாங்க!"

செருப்புச் சத்தம் நின்றது. தலைக்கு மேலே அவள் குரல் அமைதியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கீழே அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தாள். தான் எங்கே நிற்கிறோம், கத்துகிற இடத்திலா, கூப்பிடுகிற இடத்திலா என்று நடுவில் அவளுக்கே ஒரு கணம் குழம்பிப்போனது. நர்சம்மாவின் கை தோளில் இருந்ததால் தெளிந்தாள்.

ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடைசியாகப் பச்சைக் குடைக்காரர். கையில் குடை இல்லை. "ஊன்றிப் பாத்தேம்மா. கீழே தரை இல்ல. குடை போயிடுச்சு" என்றார்.

திரும்பும் பேருந்தில் ஒரு சின்னப் பெண் அவள் பக்கத்தில் வந்து நின்று, கழுத்தில் விரலை வைத்து, "பேசுங்க" என்றாள். "என்ன பேசட்டும்?" என்றாள் மைக்கம்மா. தொண்டை அதிர்ந்ததும் குழந்தை கையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டது.

நகரத்தில் இறங்கி நேரக் காப்பாளர் அறைக்குப் போனபோது செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. அவள் கண்ணெதிரிலேயே பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தார். 'மூன்றாம் மேடை மூடப்பட்டுள்ளது' என்று அவள் குரல் உடனே சொன்னது. அதில் பதற்றம் இல்லை, வருத்தமும் இல்லை.

"வேற குரல் மாத்திடவாம்மா? நீங்க சொன்னா எழுதிப் போடறேன்."

காலை ஐந்து மணிக்கு இந்த அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். "ஸ்பீக்கர்ல மாத்திடுங்க" என்றாள். "உள்ளுக்குள்ள கேக்கறதை நான் ஒண்ணும் சொல்லல." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பினார்கள். தொண்டை கட்டிப்போய் அவளுக்குப் பேச்சு வரவில்லை. சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது நிலைய வாசலில் டீக்கடைக்காரர் வழக்கம்போலக் கையை ஆட்டினார். "மேலே அனுப்பறேன், போங்க" என்றார்.

"நாலு நாளா நான் இல்லியே, தெரியாதா?" கரகரவென்று கேட்டாள்.

"நல்லா சொன்னீங்க போங்க! காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உங்க குரல் கேட்டுச்சே. தினமும் ரெண்டு டீ அனுப்பினேனே."

"ஆள் இல்லாத ரூமுக்கா?"

"கடைப் பையன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெச்சிட்டு வருவான். எப்பவும் போல டம்ளர் காலியாத்தான் திரும்பி வந்துச்சு."

அவள் படியேறினாள். கண்ணாடி அறைக்குள் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. கருவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். யார் குடித்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.