டிவியில் வந்த எங்கள் சிப்பிப்பாறை

நாய்க் கண்காட்சியை டிவியில் எப்படிக் காட்ட வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவ்வளவு வயிற்றெரிச்சல்.

எங்களுடையது சிப்பிப்பாறை, கோவில்பட்டிப் பக்கத்து வேட்டை நாய். துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்த என் கணவர், ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி. பெஹாலா தெருக்களில் விடியற்காலையில் அதனோடு ஓடுவார். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்த பிறகு அந்த ஓட்டம் நின்றது. போன குளிர்காலக் கண்காட்சிக்கு அவருக்குப் பதில் நான் போனேன். "பரிசு கெடக்கட்டும். அது மைதானத்துல சுத்தி ஓடுதத டிவியிலயாவது நான் பாத்துரணும்" என்றார். உள்ளூர்ச் சேனல் ஒன்று அன்று மாலையே காட்டுவதாக இருந்தது.

மைதானத்தில் மைக்கோடு ஒரு பெண் வந்தாள். எனக்குத் தெரிந்த வங்காளத்தில் பொறுமையாகச் சொன்னேன். இது முயலை விரட்டிப் பிடிக்கிற நாய், ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும், விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அழகு. காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டாள். "ஒன்றும் கொடுக்கவில்லை. ஓட வேண்டுமே, வயிறு காலியாக இருந்தால்தான் நல்லது" என்றேன். நாய் வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. அப்புறம் எங்கள் நாய் ஓடியது, அதன் பிரிவில் முதல் பரிசும் வாங்கியது.

சாயங்காலம் கணவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். ஸ்வெட்டர் போட்ட நாய் வந்தது, கறுப்புக் கண்ணாடி மாட்டிய நாய் வந்தது. ஒரு நடிகை தன் நாய்க்கு முத்தம் கொடுத்தாள். கடைசியில் எங்களுடையது. மேலிருந்து எடுத்த படம், திரை முழுக்க விலா எலும்பு, பின்னால் அழுகிற வயலின். "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று என் குரல். அதோடு வெட்டிவிட்டார்கள். வளர்ப்பது பாசத்துக்கா, பகட்டுக்கா என்று அந்தப் பெண் நாட்டைப் பார்த்துக் கேட்டாள். பரிசைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓட்டத்தையும் காட்டவில்லை.

அப்படி என்ன பெரிய வித்தை வேண்டும்? கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் போதும். நடுவரின் கை முதுகில் எதைத் தேடுகிறது என்று ஒரு வரி சொன்னால், நாயையே பிடிக்காதவர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாய் ஓடும்போது வெட்டாமல், வாயை மூடிக்கொண்டு முழுச் சுற்றையும் காட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் கும்பிடுவார்கள். இதற்குச் சோம்பல். முத்தத்துக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

மறுநாள் மாடி வீட்டு பௌதி, நான் அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் வங்காளக்காரி, மீன் குழம்பு பிசைந்த சோற்றோடு வந்தாள். "ஆஹாரே, கீ ரோகா", ஐயோ பாவம், எவ்வளவு ஒல்லி என்று நாயைத் தடவிப் பரிதாபப்பட்டாள். அது இப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. கட்டிலையும் நாயையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் பார்வையை என் கணவர் கவனித்துவிட்டார்.

அவள் போனதும், "ஏளா, அதுக்குச் சோறு வை" என்றார்.

"இப்பதான வச்சேன்."

"இன்னும் வை. நான் படுத்துட்டேன்னு நாயும் பட்டினி கெடக்காம். ஊரு அப்படித்தான் பேசும்."

நான் சண்டை போட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை. தன் தட்டிலிருந்தே இடது கையால் அள்ளி அள்ளிப் போட்டார். அதுவும் தின்றது.

இந்தக் குளிர்காலத்தில் அதற்குத் தொப்பை விழுந்திருக்கிறது. ஓடச் சொன்னால் நாலு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. கண்காட்சிக்கு நாங்கள் போகவில்லை. இப்போதுதான் நாய் பார்க்க நன்றாக இருக்கிறது என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். அது அறைக்குள் வந்தால் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.